விருந்துடையும் வீட்டுப்பணியும்

ஆங்கிலப் பிரபுக் குடும்பங்கள் தம் வீட்டு இராப்போசனத்திற்கும் உடைமாற்றி அமர்ந்த வழக்கம் இன்று பெரிதும் அருகிவிட்டது. அதன் தேய்வை ஜூலியன் பெலோஸ் எழுதிய ‘டவுன்டன் அபி’ (2010–2015) என்னும் தொலைக்காட்சித் தொடர் எவ்வாறு காண்கின்றது என்பது ஆராயற்பாலது.

1920ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்த ஒரு காட்சியில், பிரபுவின் விருந்துச் சட்டைகள் காணாமற் போகின்றன. வால் நீண்ட கோட்டுக்கும் வெள்ளைக் கழுத்துப்பட்டிக்கும் பதிலாகக் குறுங்கோட்டும் கறுப்புப் பட்டியும் அணிந்து அவர் வருகின்றார். பெற்ற தாயே அவரைப் பரிமாறுபவரென மயங்குகின்றார். வர்க்க வேறுபாடு எத்துணை உடையிற் தங்கியிருந்தது என்பதை இந்நகைச்சுவை உணர்த்துகின்றது. இது ஆசிரியரின் வெற்றியே.

ஆயின், சட்டைகள் மறைந்தமைக்குத் தொடர் காட்டும் காரணம் பணியாளரிடையே மூண்ட பகையாகும். வரலாறு கூறுவதோ வேறு. கஞ்சியிட்ட சட்டையை வெளுக்கவும் தேய்க்கவும் அணிவிக்கவும் பிறர் கைகள் வேண்டும். 1914–1918 போர்க்காலத்திற் தொழிற்சாலைகளுக்குச் சென்ற பெண்களுட் பலர் மீண்டும் வீட்டுப்பணியை விரும்பவில்லை. 1939–1945 போரின் பின்னர் அக்கைகள் மேலும் அருகின. கைகள் விலகவே உடையும் எளிமையுற்றது.

சமூக மாற்றத்தைத் தனிமனிதச் சூழ்ச்சியாகச் சுருக்கியமையே இத்தொடரின் குறைபாடு. இவ்வழக்கம் இன்றும் உளதா என வினவுவோர், அவ்வுடையைத் தேய்த்தவர் யாரென்பதையும் வினவுதல் வேண்டும்.