எல்லைக்கோட்டுக்குப் பிறகுதான் எஞ்சின் தோற்கிறது

குத்தம்பாக்கத்தைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் ஓடுதளம் அங்கேதான். தேசிய மோட்டார்சைக்கிள் டிராக் (drag) பந்தயம் நடக்கும்போது கூட்டம் காத்திருப்பது ஹயபுசா சூப்பர்பைக்குக்காக. டிராக் சாம்பியன் ஹேமந்த் முத்தப்பா கோட்டுக்கு வந்தால் அத்தனை கைப்பேசிகளும் உயரும். எனக்கென்னவோ ஷோரூமிலிருந்து வந்த மாதிரியே நிற்கும் சின்ன வண்டிகள்மீதுதான் கண். பெரிய வண்டியில் பணம் பேசும். ஸ்டாக் வகுப்பில் வால்வு ஸ்பிரிங் பேசும்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. 10,000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 83 தடவை திறந்து மூடுகிறது. திறப்பது கேமின் வேலை, மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. வால்வைக் கேமோடு ஒட்டிவைக்கத் தேவைப்படும் விசை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ரெவ் லிமிட்டை 9,000-லிருந்து 10,000 ஆக்கினால் சுற்று கூடுவது 11 சதவீதம். விசையோ 23 சதவீதம் கூடுதலாக வேண்டும். லேப்டாப்பைச் சொருகி ஈ.சி.யு.வில் ஒரு எண்ணை மாற்றிவிடலாம். ஹெட்டைக் கழற்றி ஸ்பிரிங்கின் உயரத்தை வெர்னியரில் அளந்து பார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

ஸ்பிரிங் தளர்ந்தால் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்கும், சீட்டில் அறைந்து துள்ளும். மேல் ரெவ்வில் வண்டி மூச்சு வாங்கும். பையன்கள் கிளட்ச் பிளேட்டைக் குறை சொல்வார்கள். முற்றினால் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். டூ ஸ்ட்ரோக் ஆர்.எக்ஸ். 100 காரர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. அவர்கள் கவலையெல்லாம் பிஸ்டன் சீஸ் ஆவதுதான்!

அமெரிக்க டிராக் பந்தயச் சங்கமான என்.எச்.ஆர்.ஏ.வின் ஸ்டாக் வகுப்பில் வால்வு உயரும் அளவு கம்பெனி சொன்னதைத் தாண்டக்கூடாது. எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடில்லை. அதனால் அதே உயரத்துக்குச் சட்டென்று ஏறி, அங்கேயே நின்று, சட்டென்று இறங்கும்படி கேமைக் கடைகிறார்கள். கேம், டேப்பட் எல்லாமே அடி வாங்கும். ஆனால் வலுவான ஸ்பிரிங் போட்டுக்கொள்ள அங்கே அனுமதி உண்டு. ரெவ்வை ஏற்றிவிட்டுப் பழைய ஸ்பிரிங்கோடு ஓடுவதைவிட அது நியாயமான ஏற்பாடு என்பேன்.

நல்ல மெக்கானிக் ஃபீலர் கேஜை எடுப்பது எஞ்சின் ஆறிய பிறகுதான். டேப்பட் இடைவெளி கூடியிருந்தால் ராக்கரோ கேமோ தேய்ந்திருக்கிறது. குறைந்துகொண்டே வந்தால்தான் பயம்: வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது, அல்லது தண்டு நீள்கிறது. பிறகு ஹெட்டைக் கழற்றி போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றுவார். வால்வு விளிம்பில் ஈரம் கசிந்தால் அம்பத்தூர் லேத்துக்குப் போக வேண்டியதுதான்.

ஓட்டுநர்கள் இன்னொன்றைக் கவனிப்பதே இல்லை. வேகமெடுக்கும்போது கியர் விழாமல் நழுவினால் லிமிட்டர் காப்பாற்றிவிடும். எல்லைக்கோட்டைத் தாண்டிய குஷியில் படபடவென்று கியரைக் குறைத்தால், பின்சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. ஜெயித்த சுற்றிலேயே வால்வு வளைவது இப்படித்தான். பிரேக்கில் வேகத்தை இறக்கிவிட்டு நிதானமாகக் கியரைக் குறைத்தால், அடுத்த சுற்றுக்கும் அதே ஹெட்டோடு வரலாம்.