நயோமிக்கு நரைக்கும் முன்பே

‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரின் ஆறாவது சீசனே கடைசி என்று 2020 நவம்பரில் அறிவித்தார்கள். அப்போது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதற்காக ஓராண்டுக்கு மேல் காத்திருந்தேன். “இந்த வயசுல ராக்கெட் படமா?” என்ற கேள்வி வீட்டிலும் வந்தது, வெளியிலும் வந்தது. கிரிக்கெட்டுக்காக இரவெல்லாம் கண்விழிக்கும் ஐம்பது வயது ஆணிடம் யாரும் வயதைக் கேட்பதில்லை.

கதை எப்படி முடியும் என்ற ஆவல் எனக்கு இல்லை. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் இரண்டு ஆண்கள் சேர்ந்து எழுதிய நாவல்களைப் படித்திருந்தேன். வில்லன் தோற்பான் என்று தெரியும். நான் காத்திருந்தது அதில் வரும் பெண்களுக்காக.

தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: சில நூற்றாண்டுகளுக்குப் பிந்தைய காலம். பூமியை ஐக்கிய நாடுகள் சபை ஆள்கிறது. செவ்வாய் தனி நாடாகிவிட்டது. சிறுகோள் பட்டையில் வாழும் உழைப்பாளிகளுக்குக் காற்றும் தண்ணீரும்கூட விலைக்குத்தான் கிடைக்கின்றன. இந்த உலகில் பூமியின் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் கிரிஸ்ஜென் அவசராலா. பேரப்பிள்ளை எடுத்தவர், புடவை போன்ற உடையில் வருபவர், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. நாவலில் இரண்டாம் பாகத்தில்தான் அவர் வருகிறார்; தொலைக்காட்சியில் முதல் அத்தியாயத்திலேயே கொண்டுவந்துவிட்டார்கள். வந்ததும் என்ன செய்கிறார்? பட்டையைச் சேர்ந்த ஒரு கைதியைப் பூமியின் ஈர்ப்புவிசையாலேயே வதைக்கிறார். அதிகாரத்துக்கு வரும் பெண் கருணையே வடிவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. ஈரானில் பிறந்த ஷோரே ஆக்டஷ்லூ அந்தப் பாத்திரத்தை நடித்தார். கடைசி சீசன் வெளியானபோது அவருக்கு வயது 69.

இன்னொருத்தி நயோமி நகாட்டா, கப்பல் பொறியாளர். அவள் எழுதிய மென்பொருளைக் கொண்டு காதலன் மார்கோ ஒரு கப்பலையே அழிக்கிறான். அவள் விலகிப் போய்விடக் கூடாதென்று குழந்தை ஃபிலிப்பை எடுத்து மறைத்துவைக்கிறான். அவள் குழந்தை இல்லாமலேயே வெளியேறுகிறாள். பிள்ளையை விட்டுவிட்டு வந்த தாயை நம் சினிமா எப்படி நடத்தும் என்று நமக்குத் தெரியும்: கடைசிக் காட்சியில் மகன் காலில் விழ வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும். நயோமிக்கு இரண்டுமே நேரவில்லை. ஐந்தாவது சீசனில் விண்வெளி உடைகூட இல்லாமல் மார்கோவின் கப்பலிலிருந்து வெட்டவெளியில் குதித்துத் தப்புகிறாள். அந்தச் சாகசத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை ஆறாவது சீசன் மறக்கவில்லை. பழுது பார்க்க வெளியே போக வேண்டிய நேரத்தில் அவள் உடல் உறைந்துபோகிறது. கதவைத் தாண்ட முடியவில்லை. நான் காத்திருந்ததற்குக் கிடைத்த பலன் அந்தக் காட்சிதான். முடிவில், மகன் அந்தக் கப்பலில் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டே மார்கோவை வீழ்த்தும் வழியை அவளே சொல்கிறாள். மகனோ அதற்கு முன்பே தந்தையை விட்டு வெளியேறி, தன் பெயரை ஃபிலிப் நகாட்டா என்று மாற்றிக்கொண்டுவிட்டான். அது அவளுக்குத் தெரியாது. தாயும் மகனும் சேரும் காட்சியை வைக்காமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லாமே ஆறு அத்தியாயங்களுக்குள். முந்தைய சீசன்கள் பத்து, பதின்மூன்று என்று ஓடியவை. 2018 மே மாதம் சைஃபை அலைவரிசை தொடரைக் கைவிட்டபோது ரசிகர்கள் லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டினார்கள். அமேசான் அலுவலகத்தின் மேல் பதாகை கட்டிய விமானம் பறக்கவிட்டார்கள். அமேசான் அதைக் காப்பாற்றியது. பிறகு அதே அமேசானில்தான் தொடர் முடிந்தது. இந்த அவசரத்தில் அதிகம் இழந்தது அவசராலாதான். கணவரைப் பறிகொடுத்துவிட்டுப் போரை நடத்தும் கிழவியின் துக்கத்துக்கு நேரமே ஒதுக்கப்படவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓர் அத்தியாயம்: 2021 டிசம்பர் 10 முதல் 2022 ஜனவரி 14 வரை. கடைசி வெள்ளி பொங்கலன்று வந்தது. அடுப்பும் விருந்தினரும் ஓய்ந்தபிறகு, இரவில்தான் பார்க்க முடிந்தது.

மொத்தம் ஒன்பது நாவல்கள். தொடர் எடுத்துக்கொண்டது முதல் ஆறை. ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அதனால் இதுவே இயல்பான நிறுத்தம் என்று விளக்கம் சொன்னார்கள். ஏழாவது நாவலில் என்ன நடக்கிறது? நயோமி நரைத்துப்போய், ஓய்வுபெறுவதைப் பற்றி யோசிக்கிறாள். செவ்வாயின் போர்வீராங்கனை பாபி டிரேப்பர் வயதான பிறகு அந்தக் கப்பலுக்கே கேப்டனாகிறாள். தள்ளாத வயதிலும் அவசராலா இருக்கிறார், வாய் அடங்காமல். மூப்படைந்த இந்தப் பெண்களில் ஒருத்தியும் படமாக்கப்படவில்லை. இத்தனைக்கும் கடைசி சீசனின் ஒவ்வோர் அத்தியாயமும் தூரத்துக் கோளில் வாழும் ஒரு சிறுமியின் கதையோடுதான் தொடங்குகிறது. அது பிந்தைய நாவல்களுக்கான விதை. சிறுமிக்காகக் கதவைத் திறந்துவைக்க முடிந்திருக்கிறது. அறுபது வயதில் விண்கலம் ஓட்டும் பெண்ணைப் பார்க்க நாவலைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நான் இப்போது எட்டாவதில் இருக்கிறேன், இரண்டாம் முறையாக.