காலந்தாழ்த்தி வந்த நடிகன்

ஷோபாசக்தியை நாம் எழுத்தாளராகவே அறிந்திருந்தோம். 'கொரில்லா' 2001இல் வந்தது. 'செங்கடல்' (2011) படத்தில் அவர் தோன்றியிருந்தாலும் நடிகரென்று எவரும் கணக்கெடுக்கவில்லை. ஜாக் ஓடியாரின் 'தீபன்' 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றபோது அவர் நாற்பதை எப்போதோ தாண்டியிருந்தார்.

விருதைப் பற்றி எம்மவர் நிறையப் பேசியாயிற்று. நாம் நடிப்பைப் பற்றிச் சொல்கிறோம். தீபன் இரவில் மினுங்கும் விளையாட்டுச் சாமான் விற்கிறான். பின்னர் புறநகர்த் தொடர்மாடியொன்றில் காவலாளியாகிக் கூட்டித் துடைக்கிறான். அங்கே ஷோபாசக்தி எதையும் நடித்துக் காட்டவில்லை. பாஷை விளங்காதவன் தலையாட்டும்போது கழுத்தில் ஓர் இறுக்கம் வருமே, றெஸ்ரோரன்ற்றில் கோப்பை கழுவுகிற எமக்கு அது நன்றாகத் தெரியும். முதலாளி கத்தும்போது நாமும் அப்படித்தான் நிற்கிறோம். நடிப்புப் பள்ளியில் தேறிய இருபத்தைந்து வயதுப் பொடியனுக்கு இது கைவருமா? சந்தேகந்தான்.

கடைசிப் பகுதிதான் எமக்கு உவப்பில்லை. அவ்வளவு பொறுமையாகக் கட்டியெழுப்பிய மனிதனின் கையில் ஆயுதத்தைக் கொடுத்து இயக்குநர் படியேற விடுகிறார். இயக்கத்தை விட்டு வந்தவன் என்றைக்காவது திரும்பவும் ஆயுதம் தூக்குவான் என்று நம்புகிற ஐரோப்பியப் பார்வையாளனுக்குத் தோதான முடிவு. இரண்டாந்தரம் பார்த்தபோது படிக்கட்டு வருமுன்னரே நிறுத்திவிட்டோம்.