நெடுநல்வாடையில் நகரப் புறா

சங்கப் பாட்டில் வரும் பறவைகளைத் திணைக்குரிய கருப்பொருள் என்று வகைப்படுத்தி அமைவது பெருவழக்கு. காட்டுப் பறவைக்கும் கழனிப் பறவைக்கும் இந்நோக்குப் பெரிதும் பொருந்தும். மக்களோடு ஒரே கூரையின்கீழ் வாழும் நகரப் பறவைக்கு இது போதுமா என்பது ஆராய்தற்குரியது. பத்துப்பாட்டுள் ஏழாவதாகிய நெடுநல்வாடையை, 188 அடிகளையுடைய நக்கீரர் பாட்டை, இவ்வாராய்ச்சிக்குக் களமாகக் கொள்வோம்.

கூதிர்க்கால மழையால் நகரில் பகலும் மாலையும் வேறு தெரியவில்லை. மகளிர் பூந்தட்டில் இட்ட பித்திக அரும்பு அவிழ்ந்து மணப்பதால் பொழுதறிந்து, விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர். அடுத்த காட்சியே புறாக் காட்சி. சிவந்த காலையுடைய சேவல் தன் பெடையோடு மன்றிற்குச் சென்று இரை தேடாமல், இரவு பகல் அறியாது செயலற்று, கொடுங்கைப் பலகையில் மாறி மாறி அமர்ந்திருக்கிறது. உரையாசிரியர் புறாவைப் பாலைக் கருப்பொருளுள் வைத்து எண்ணுவர். பிரிவைப் பேசும் பாட்டில் பாலைப் பறவை வந்தது என்று முடித்தல் பிழையன்று. ஆயின் அது நிரம்பிய விளக்கமும் அன்று.

இப்பாட்டிலுள்ள பிற பறவைகளை உடன்வைத்து நோக்குக. ஊர்ப்புறத்து ஈரமணலில் கொக்கும் நாரையும் மீனைக் கவர்ந்து உண்கின்றன. அவற்றிற்கு மழை விருந்து. அரண்மனை முன்றிலில் அன்னம் துள்ளித் திரிகிறது. நிலாமுற்றத்து நீர் அருவிபோல் விழும் ஒலிக்கருகே மயில் அகவுகிறது. அவை செல்வமனையைச் சார்ந்தவை. நாரை மனிதனை வேண்டாதது. அன்னம் மனிதனால் பேணப்படுவது. புறாவோ இவ்விரண்டும் அன்று. மக்கள் வீட்டில் உறங்குகிறது. மக்கள் கூடும் மன்றில் உண்கிறது. எனினும் யாருடைய உடைமையும் ஆகவில்லை. ஆகவே மழையால் நகர வாழ்வு முடங்கும்போது அதன் வாழ்வும் முடங்குகிறது. மக்களுக்குப் பொழுது கூறப் பித்திகம் உண்டு. புறாவிற்கு அத்தகைய துணை ஏதும் இல்லை. இக்காட்சியை மகளிர் காட்சிக்கு அடுத்து நிறுத்திய வைப்புமுறையே புலவர் கருத்தைப் புலப்படுத்துகிறது.

இனி, இது பருவ வருணனையின் ஓர் உறுப்பே என்பார் உளராகலாம். பாட்டின் பிற்பகுதி அவர்க்கு விடையாகும். அரசி வேலைப்பாடு மிக்க கட்டிலில் அமர்ந்திருக்கிறாள், செவிலியர் ஆற்றுகின்றனர், அவள் ஆறவில்லை. மேற்கட்டியில் எழுதிய, திங்களைப் பிரியாத உரோகிணியின் ஓவியத்தை நோக்கிப் பெருமூச்சு விடுகிறாள். புறாவிற்கு இரை இல்லை, துணை உண்டு. அரசிக்கு எல்லாம் உண்டு, துணை இல்லை. ஒரே நகரில், ஒரே மழையில், இருவகைக் குறைகளை எதிரெதிர் நிறுத்துகிறார் நக்கீரர்.

குறுந்தொகை 46ஆம் பாட்டில் மாமலாடனார் காட்டும் குருவி இங்கு ஒப்புநோக்கத் தக்கது. அது முற்றத்தில் உலர்த்திய தானியத்தைத் தின்று, மன்றத்து எருத்துகளில் குடைந்தாடி, வீட்டு இறப்பில் தன் குஞ்சுகளோடு தங்குகிறது. அதன் நிறைவைக் கண்டு தலைவி தன் தனிமையை உணர்ந்து தோழியிடம் பேசுகிறாள். அங்கே பறவையைப் பார்ப்பவள் தலைவி. நெடுநல்வாடையிலோ புறாவைப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. மகளிர் விளக்கை நோக்குகின்றனர். அரசி ஓவியத்தை நோக்குகிறாள். புலவர் ஒருவரே புறாவை நோக்குகிறார்.

இவ்வேறுபாட்டை யாம் பெரிதாக மதிக்கிறோம். சிற்றூரில் பறவையும் மனிதரும் ஒருவரையொருவர் அறிந்து வாழ்கின்றனர். நகரிலோ ஒரே இறப்பின்கீழ் இருந்தும் அறியாது வாழ்கின்றனர். இன்றைய அடுக்குமாடிச் சாளர விளிம்பில் ஒடுங்கும் புறாவின் நிலையும் இதுவே. அப்பறவையை மனிதத் துயரின் வெறும் உவமையாகச் சுருக்காது, அதன் பசியை அதன் பசியாகவே நின்று காண்பது நக்கீரர் நெறி. நகரப் பறவையைப் பாடும் கவிதையையும் தீட்டும் ஓவியத்தையும் மதிப்பிடுவார்க்கு இந்நெறி ஓர் அளவுகோல் ஆகும்.