குரோம்ஃபர்டின் மேல்மாடிச் சன்னல்கள்

இங்கிலாந்தின் டார்பிஷரில் உள்ள குரோம்ஃபர்ட் கிராமம் என்றதும் ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் நூற்பாலையைத்தான் சொல்வார்கள். 1771-இல் தொடங்கிய அந்த ஆலை, நீரின் விசையால் பருத்தி நூற்றது. எனக்குப் பிடித்தது, 1776 வாக்கில் தொழிலாளர்களுக்காக அவர் கட்டிய நார்த் தெரு வீடுகள்.

மணற்கல் சுவர்கள். அடுக்குக்கு ஓர் அறையாக மூன்று அடுக்குகள். மேலடுக்கில் மட்டும் சன்னல்கள் அகன்று நீண்டிருக்கின்றன. அங்கேதான் தறி. பெண்களும் பிள்ளைகளும் ஆலையில் நூற்க, ஆண்கள் அந்த மாடியில் நெய்தார்கள். அறுந்த இழை கண்ணில் பட வேண்டுமே. அதற்குப் பகல் வெளிச்சம் முழுதாக உள்ளே வர வேண்டும். வேலை கேட்ட அளவுக்குச் சன்னல் வைத்த அந்தக் கொத்தர்களின் கணக்கு என்னை வியக்க வைக்கிறது. ஆலைக்குப் போனவர்களில் ஏழு வயதுப் பிள்ளைகளும் உண்டு என்பதை மறந்துவிட்டு இந்த அழகை ரசிக்க மனம் வரவில்லை.

இதே ஊரில் ஆர்க்ரைட் கட்டத் தொடங்கிய புனித மரியாள் தேவாலயம், அவர் 1792-இல் இறந்த பிறகு, 1797-இல் திறக்கப்பட்டது. அவர் கல்லறையும் அங்கேதான்.

2001 முதல் குரோம்ஃபர்ட் அமைந்த பள்ளத்தாக்கு உலகப் பாரம்பரியச் சின்னம். போகிறவர்கள் ஆலையோடு திரும்பிவிடாதீர்கள். நார்த் தெருவுக்கும் நடந்து, தலை நிமிர்ந்து அந்தச் சன்னல்களைப் பாருங்கள்.