‘பஞ்சமர்’: இரு தலைமுறை வாசிப்பு

கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் 1972இல் வெளிவந்தது. பாத்திரங்கள் மலிந்து கதை சம்பவத் திரட்டாகிவிடுகின்றது என்பது அதுபற்றி எம் போன்ற மாணவர் எளிதில் எய்தும் முடிபு. அம்முடிபுடனேயே ஊர்ச் சனசமூக நிலையத்து வாசகர் வட்டத்திற்குச் சென்றேன். அங்கு எழுபது கடந்தோரும் மாணவரும் ஒருங்கிருந்து வாசிப்பர்.

உருவம் பற்றி நாம் பேசி முடித்ததும், 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் நின்ற முதியவரொருவர் வினவினார்: “தம்பி, தேத்தண்ணிக் கடைக்கு வெளியில நிண்டு போத்தலில குடிச்சனாங்கள். அதில ஆர் கதாநாயகன்?”

தனி நாயகனைத் தேடியது எமது அளவுகோலின் குறையே. ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். முதியோரின் நினைவு நாவலின் இடைவெளிகளை நிரப்பிவிடுகின்றது. அந்நினைவற்ற இளம் வாசகனுக்குச் சில அத்தியாயங்கள் பெயர்ப் பட்டியலாகவே எஞ்சும். இதனை அன்று நான் சொல்லவில்லை. அவர் பேசியபின் மாணவர் எவரும் வாய் திறந்திலர். அது உடன்பாடன்று, கூச்சம்.

அவரருகில் அமர்ந்திருந்த மற்றொரு முதியவரும் பேசவில்லை. அக்காலத்தில் அவர் எப்பக்கம் நின்றவரென்பது ஊரறிந்தது. அடுத்த கூட்டத்திற்கும் அவர் நூலுடன் வந்திருந்தார்.