பால் பல்லை யார் துலக்குவது?

"விழுந்து முளைக்கப் போகிற பல்தானே!" நம் வீடுகளில் பால் பற்களின் தலையெழுத்தைப் பெரும்பாலும் இந்த ஒரு பேச்சுதான் எழுதுகிறது. இதற்கு நேரெதிரான இன்னொரு வகையும் இப்போது பெருகியிருக்கிறது. இரண்டரை வயதுப் பிள்ளையின் கையில் பொம்மை போட்ட பிரஷைக் கொடுத்து, அது வாய்க்குள் விட்டுச் சப்புவதைப் பார்த்து, "எங்க பாப்பா தானே பல் தேய்ச்சுக்கும்" என்று பூரிக்கிற வகை. அலட்சியமும் பெருமிதமும் வெவ்வேறு குணங்கள்தாம். ஆனால் இரண்டிலும் குழந்தையின் பல்லை யாரும் துலக்குவதில்லை. பெற்றோர் தம் கையால் குழந்தைக்குப் பல் துலக்கிவிடும் வழக்கத்தின் நிறைகுறைகளை எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

முதலில், அந்த வழக்கம் எதற்கு? குழந்தைக்கு ஏறக்குறைய 6 மாதத்தில் முதல் பல் முளைக்கிறது. மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடுகின்றன. முன்பற்கள் 6, 7 வயதில் ஆடி விழும் என்பது உண்மை. பின்னாலிருக்கும் கடைவாய்ப் பால் பற்களோ 10 முதல் 12 வயது வரை மென்று தர வேண்டியவை. அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம்பிடித்து வைத்திருப்பவை. அவை சொத்தையாகி முன்கூட்டியே பிடுங்கப்பட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும்; பிறகு வருகிற பல் கோணலாக வரும். பால் பல்லின் எனாமல் பெரியவர்களின் பல்லில் இருப்பதைவிட மெல்லியது. அதனால் சொத்தை விரைவில் உள்ளே இறங்கி நரம்பைத் தொட்டுவிடுகிறது.

இந்தப் பற்களைக் காக்கும் திறமை குழந்தையின் கைக்கு இல்லை. சட்டைப் பொத்தானைப் போடவும் ஷூ நாடாவைக் கட்டவும் தடுமாறுகிற விரல்களால், கண்ணுக்குத் தெரியாத கடைவாய்ப் பல்லின் உட்புறத்தைத் தேய்க்க முடியாது. ஏழு, எட்டு வயது வரை பெரியவர் துலக்கிவிட வேண்டும், அல்லது பக்கத்தில் நின்று முடித்துவிட வேண்டும் என்று பல் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

இந்த வழக்கத்தில் பலரும் கவனிக்காத ஒரு நன்மை உண்டு: துலக்குகிறவர் வாய்க்குள் பார்க்கிறார். சிறு குழந்தைகளின் சொத்தை வழக்கமாக மேல் முன்பற்களில், ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தொடங்கும். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் அது தெரியும். அந்த நிலையில் கண்டுபிடித்தால் மேலும் பரவாமல் நிறுத்த முடியும். பழுப்பாகிக் குழி விழுந்த பிறகு கண்டால் வேர் சிகிச்சை வரை போக நேரும். தினமும் உதட்டைத் தூக்கிப் பார்க்கிற அப்பாவோ அம்மாவோதான் அந்தக் குழந்தையின் முதல் பல் மருத்துவர்.

இனி குறைகள். முதலாவது, நேரம். பல் துலக்காமல் காபி குடிக்கக்கூடாது என்பதில் கறாரான நம் வீடுகள், இரவில் துலக்குவதைப் பொருட்படுத்துவதில்லை. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துபோகிறது. பல்லில் படிந்த சர்க்கரையைக் கழுவ ஆளில்லை. சர்க்கரை போட்ட பால்புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கிவிட்ட குழந்தைக்குக் காலையில் எவ்வளவு அக்கறையாகத் துலக்கினாலும், கிருமிகள் இரவு முழுக்க அமிலம் சுரந்து முடித்திருக்கும். ஒரு வேளைதான் முடியும் என்றால் அது இரவு வேளையாக இருக்கட்டும்.

இரண்டாவது, பசையின் அளவு. விளம்பரங்களில் பிரஷ் முழுக்க அலை அலையாய் நீளும் பசை பெரியவர்களுக்கே அதிகம். சிறு குழந்தைக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். ஃபுளோரைடை அந்த வயதில் தொடர்ந்து விழுங்கினால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பற்களில் வெள்ளைத் திட்டுகள் விழலாம். இந்தப் பயத்தில் சிலர் ஃபுளோரைடே இல்லாத பசையைத் தேடி வாங்குகிறார்கள். அதுவும் சரியல்ல. சொத்தையைத் தடுப்பதில் பெரும்பங்கு ஃபுளோரைடுக்குத்தான். அது இல்லாமல் வெறுமனே தேய்ப்பதன் பலன் குறைவு. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2014இல் தன் பரிந்துரையை மாற்றி, முதல் பல் முளைத்ததிலிருந்தே ஃபுளோரைடு பசையைப் பயன்படுத்தச் சொன்னது. மூன்று வயது வரை அரிசி மணியளவு, அதன்பின் ஆறு வயது வரை பட்டாணியளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில், ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கும் குடும்பங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே பசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே அறிவுரை என்பது இங்கே பொருந்தாது.

மூன்றாவது குறையைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை: பலவந்தம். அவசரமான காலையில், குளியலறையில் நிற்கவைத்து, தாடையைப் பிடித்து அழுத்தித் தேய்த்தால் குழந்தைக்குக் குமட்டும், ஈறு வலிக்கும், பிரஷைக் கண்டாலே ஓடும். இதற்குத் தீர்வு துலக்குவதையே விடுவது ஆகாது, முறையை மாற்றுவதுதான். தரையில் உட்கார்ந்து குழந்தையின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டால், மேலிருந்து எல்லாப் பல்லும் தெரியும், கழுத்தும் அசையாது. விரலால் உதட்டை விலக்கி, மெல்லிய நார் கொண்ட சிறு பிரஷால் ஈறோரம் மெதுவாகச் சுழற்றினால் போதும். அடுத்து எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே செய்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

ஜப்பானில் இந்த மடி முறையோடு இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. முதலில் குழந்தை தானே துலக்கும். பிறகு பெற்றோர் துலக்கி முடிப்பார்கள். பள்ளி செல்லும் வயதிலும் பல வீடுகளில் இது தொடர்கிறது. 'நானே செய்வேன்' என்கிற பிள்ளையின் உரிமையும் பல்லின் சுத்தமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு இது சான்று. நாமோ பள்ளியில் சேர்த்ததும் கையைக் கழுவிவிடுகிறோம். ஏறக்குறைய 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. பலர் அதையும் பால் பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்க வேண்டிய அந்தப் பல் சொத்தையானால் மாற்றுப் பல் முளைக்காது.

துலக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. மணிக்கொரு பிஸ்கட், அழுதால் மிட்டாய், பாட்டிலில் பழச்சாறு என்று நாள் முழுக்கக் கொடுத்துவிட்டு, இரண்டு வேளைத் துலக்கலில் எல்லாவற்றையும் ஈடுகட்ட முடியாது. சொத்தை வந்த குழந்தையின் தாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. தின்பண்டம் வாங்கி வருகிற தாத்தாவுக்கும், பிரஷையே தொடாத அப்பாவுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

ஆக, பெற்றோர் துலக்கிவிடும் வழக்கம் தேவையானது, பயன் தருவது. அதன் குறைகள் பெரும்பாலும் நாம் அதைச் செய்யும் விதத்தில் இருக்கின்றன: தாமதமாகத் தொடங்குகிறோம், காலையோடு நிறுத்துகிறோம், சீக்கிரம் கைவிடுகிறோம். முதல் பல் முளைத்த அன்றே தொடங்குங்கள். இரவில் தவறவிடாதீர்கள். எட்டு வயது வரை பிரஷை முழுதாகக் கைமாற்றாதீர்கள். அந்த இரவு வேலையை வீட்டு ஆண்களும் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.